பேரரசியின் தலையில் வேறொரு கை

யாரைப் பார்த்தாலும் கத்தரி அக்காவின் கண் முதலில் தலைமுடிக்குத்தான் போகும். பக்கத்து வீட்டுக்காரர் புது மருமகளை அழைத்து வந்து அறிமுகப்படுத்தியபோது, பெண் எப்படி என்று வீட்டில் கேட்டதற்கு, "நுனியெல்லாம் பிளந்திருக்கு, மத்தபடி நல்ல பொண்ணு" என்றவர் அவர். தொழில் அப்படி. மருந்துக்கடைக்கும் சாவி செய்பவரின் கடைக்கும் நடுவில் பெண்களுக்கான முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறார். இரண்டு சுழல் நாற்காலி, தலை கழுவ ஒரு பேசின், சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. அவ்வளவுதான் கடை.

அந்தக் கடையின் பின்னறையில், சாய டப்பாக்களுக்கு மேல் தட்டில், ரோமானியக் காசுகள் இருக்கின்றன என்று சொன்னால் வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். காட்டினால் சிரிப்பு நின்றுவிடும்.

ஆரம்பித்து வைத்தது ஒரு பழைய இதழ். தலையில் சாயம் ஊறும் நேரத்தில் வாடிக்கையாளர்கள் புரட்டுவதற்காகக் கிடந்தது. அதில் ஒரு காசின் படம், காசில் ஒரு பேரரசியின் பக்கவாட்டு முகம். பின்னலைச் சுற்றிச் சுற்றி உச்சந்தலையில் கோபுரம் மாதிரி ஏற்றியிருந்தாள். அந்தப் பின்னல் எந்தப் பிடிமானத்தில் நிற்கிறது என்பது அக்காவுக்குப் பிடிபடவில்லை. அன்று சாயங்காலமே மகளை உட்காரவைத்து முயன்று பார்த்தார். மகள் கழுத்து வலிக்கிறது என்று எழுந்து ஓடிவிட்டாள். அக்காவின் ஆர்வம் ஓடவில்லை. அந்தக் காலத்துப் பேரரசிகள் ஒவ்வொருத்தியும் ஒரு பாணி கொண்டுவந்தாள், காசு அடிக்கும் அக்கசாலைக்காரர்கள் அதை இழை இழையாகக் காசில் பதித்தார்கள் என்பது தெரிந்ததும் விடவே முடியவில்லை. ராஜாக்கள் மேல் அவருக்கு அக்கறை கிடையாது. ராஜாக்களுக்கெல்லாம் முன்னால் வாரிவிட்ட முடி, அதன்மேல் இலைக் கிரீடம், ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இல்லை. பெண்கள் பக்கம்தான் விஷயமே இருக்கிறது என்பார்.

காசு சேர்ப்பவர்கள் மாதம் ஒரு ஞாயிறு நூலகத்தின் மேல்மாடியில் கூடுவார்கள். கணக்கு வாத்தியார் ஒருவர் சங்கத் தலைவர். ஒரு பல் டாக்டர், ஒரு கடிகாரக்காரர், இன்னும் சிலர். கத்தரி அக்கா என்ற பெயரை வைத்தவர்கள் அவர்கள்தான். போன புதிதில் மரியாதைக்கு நாற்காலி போட்டார்கள். கொஞ்ச நாளில் தேவைக்குத் தேட ஆரம்பித்தார்கள்.

அந்தத் தேவை என்னவென்றால், பழைய காசு தேய்ந்துபோனால் மதிப்பு குறையும். அதனால் தேய்ந்த காசை எடுத்து, சின்ன உளியால் முடியையும் கண்ணையும் எழுத்தையும் புதிதாகக் கீறிவிடும் கைகாரர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். காசு அசல்தான், மேலே இருக்கும் வேலைப்பாடு போன மாதத்தது. போலிக் காசைவிட இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அக்காவுக்கு முடி விஷயத்தில் அது கஷ்டமாக இல்லை. பல் டாக்டர் ஆசையாக வாங்கிவந்த ஒரு காசை லென்ஸில் பார்த்துவிட்டு, "வாரின முடி ஒரு இடத்துல ஆரம்பிச்சு இன்னொரு இடத்துல மெலிஞ்சு முடியும் டாக்டர். இது ரெண்டும் இல்லாம கோடு கோடா நிக்குது" என்றார். டாக்டர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து அக்காவுக்கு டீ வாங்கித் தந்தார்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேஜை நடுவில் பச்சைத் துணி விரித்திருக்கும். காசைத் துணிமேல் வைத்துக் கையை எடுத்துவிட்டால், சொல்லுங்கள் என்று அர்த்தம். அப்போது எல்லோரும் உள்ளதை உள்ளபடி சொல்லலாம், சொல்லவும் வேண்டும். உள்ளங்கையில் வைத்துக் காட்டினால் பார்க்க மட்டும்தான். அருமை என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். கேட்காத அபிப்பிராயத்தால் பல வருடச் சிநேகிதங்கள் முறிந்துபோன பிறகு ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு அது.

அக்கா உள்ளங்கையில் மட்டுமே வைத்துக் காட்டிய காசு ஒன்று இருந்தது.

அது வந்த விதம் இப்படி. அக்காவின் கணவர் பஸ் ஓட்டுநர். அவருடைய மூத்த சகோதரி ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அக்காவுக்கு அண்ணி. நாத்தனார் என்றதும் நமக்கெல்லாம் ஒரு படம் மனதில் வருமே, முதல் சில வருடங்கள் அந்தப் படம் அச்சுப் பிசகாமல் ஓடியது. கணீரென்ற குரல், எதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிக்கும் கண். பாஸில் தேதியைச் சுரண்டி மாற்றி எழுதியவன் ஒருவன்கூட அண்ணியைத் தாண்டிப் போனதில்லை என்று ரயில்வேயில் பேச்சு. குழம்பில் உப்பு குறைந்தாலும் அதே பார்வைதான்.

பிறகு அண்ணிக்கு உடம்புக்கு வந்தது. கடுமையான சிகிச்சை. இடுப்பு வரைக்கும் இருந்த முடி, தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. ஒருநாள் காலை, கடை திறக்கும் முன்பே வந்து ஷட்டருக்கு வெளியே நின்றார் அண்ணி.  அக்கா ஷட்டரைத் தூக்கி அவரை உள்ளே அழைத்தார். ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டு, கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டு, மழித்துவிட்டார். அதற்கப்புறம் வாரம் தவறாமல் அண்ணியின் வீட்டுக்குப் போய், மொட்டைத் தலைக்கு எண்ணெய் தடவி, ஊர்க்கதை பேசிவிட்டு வந்தார். முடி திரும்ப முளைத்து, முதல் தடவையாக வெட்டிவிடும் அளவுக்கு வளர்ந்த அன்று, அண்ணி கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினார். எங்கெங்கோ விசாரித்து, யார் யாரிடமோ கேட்டு வாங்கியது. பெரிய வெண்கலக் காசு. அதில் இருந்தவள், சில வாரங்களே அரியணையில் இருந்த ஒரு ரோமானிய மன்னனின் மகள் டிடியா கிளாரா. அப்பன் ஆண்டது கொஞ்சநாள் என்பதால் மகளின் காசு கிடைப்பது குதிரைக்கொம்பு. அலையலையாக வாரி, பின்னால் கொண்டை போட்ட தலை.

அக்கா அதைப் பார்த்துச் சொன்னது, "நேத்துதான் வாரிவிட்ட மாதிரி இருக்கு அண்ணி." சங்கத்தில் காட்டும்போதும் அதையேதான் சொன்னார். நேற்று வாரிய மாதிரி. எல்லோரும் அருமை என்றார்கள். கடிகாரக்காரர் மட்டும் அருமை என்றுவிட்டுத் தன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் பொதுமக்களுக்கான கண்காட்சி என்று முடிவானது. நடுக் கண்ணாடிப் பெட்டியை அக்காவுக்குக் கொடுத்தார்கள். பேரரசிகளின் கூந்தல் என்று தலைப்பு. நடுநாயகமாக டிடியா கிளாரா. சேதி கேட்டதும் அண்ணி ரயில்வேயின் பழைய சகாக்களை ஒருவர் விடாமல் கூப்பிட்டுவிட்டார். தம்பி பொண்டாட்டியோடது, நான் கொடுத்தது, வந்து பாருங்க என்று ஒரு பிளாட்பாரம் முழுக்க அறிவிப்பு.

பெட்டிக்குப் பின்னால் மாட்ட, காசைப் பெரிதாக்கி ஒரு படம் வேண்டியிருந்தது. சங்கத்தில் படமெடுப்பது கடிகாரக்காரரின் வேலை. விளக்கைத் தாழச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுப்பார், மேடுபள்ளம் எல்லாம் தெரியும். படத்தைச் சுருட்டிக் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, டீ போடுகிறேன் என்றதற்கு வேலை இருக்கிறது என்று போய்விட்டார். அக்கா அதைக் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் ஒட்டிவைத்தார், வருகிறவர்கள் பார்க்கட்டுமே என்று.

ஒரு வங்கி ஊழியருக்குத் தோள் அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. கண்ணாடியில் அந்தப் படம் இடம் வலமாகப் புரண்டு தெரிந்தது. பழகிய முகம் திடீரென்று அந்நிய முகமானது. மூக்கு நுனி மழுங்கியிருந்தது. காது, பாதி கரைந்த சோப்பு மாதிரி இருந்தது. கன்னம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அந்தக் காதுக்கு மேலேயே போகும் முடி மட்டும் பிளேடால் கீறிய மாதிரி கூர்மையாக நின்றது. காது தேயும்போது அதற்கு மேலே எடுப்பாக இருக்கும் முடி தேயாமல் எங்கே போயிருந்தது?

கத்தரி நின்றுவிட்டது. நாற்காலியில் இருந்தவர் பயந்துபோய்த் தப்பாக வெட்டிவிட்டீர்களா என்று கேட்டார்.

"இல்லம்மா. உங்க தலையில இல்ல" என்றார் அக்கா.

அவரை அனுப்பிவிட்டு, கடையை மூடாமலேயே பின்னறைக்குப் போய்க் காசை லென்ஸில் வைத்தார். பரிசாக வந்த நாளிலிருந்து அதை லென்ஸில் வைத்ததே இல்லை. அன்போடு கொடுத்ததைச் சோதிப்பார்களா யாராவது? இப்போது பார்த்தால், செடியைச் சுற்றிப் பாத்தி கட்டின மாதிரி ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் ஒரு பள்ளம். அச்சில் அடித்த காசில் தரை ஒரே சீராக இருக்கும். புதிய எழுத்து மேலே எழும்பி நிற்க வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள உலோகத்தைச் சுரண்டித் தாழ்த்தினால்தான் உண்டு. கிளாரா என்பதன் முதலெழுத்தான சி-க்கு அடியில் வேறொரு எழுத்தின் கால் நிழலாகத் தெரிந்தது. காசைத் திருப்பினார். பின்பக்கம் ஈச்ச ஓலை ஏந்தி நிற்கும் தேவதையும் அவளைச் சுற்றிய எழுத்தும் சமமாக, நியாயமாகத் தேய்ந்திருந்தன. ஒரே காசில் ஒரு பக்கம் ஊரெல்லாம் சுற்றிக் களைத்திருந்தது, இன்னொரு பக்கம் வாசல் தாண்டாத மாதிரி இருந்தது.

கடையில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் எப்போதும் இருக்கும். குச்சியில் பஞ்சைச் சுற்றி, அதில் ஒரு சொட்டு நனைத்து, ஒரு முடியிழையின் பள்ளத்தில் மெதுவாக உருட்டினார். நூற்றாண்டுகளாக ஏறிய களிம்பு அதற்கெல்லாம் அசையாது. பஞ்சில் பச்சை வந்தது. கீறின இடத்தை மறைக்கப் பூசிய பச்சை.

அக்கா பஞ்சைப் பார்த்துக்கொண்டு சாய டப்பா மேலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லோருக்கும் முடி பார்த்துச் சொல்கிறவர், முடியில் ஏமாந்திருக்கிறார். யோசித்தால் காரணம் அதுதான். வேறு யாராக இருந்தாலும் எழுத்தைப் பார்த்திருப்பார்கள், தரையைப் பார்த்திருப்பார்கள். அக்கா தலையைப் பார்த்தார், தலை நன்றாக வாரியிருந்தது, வாரியவனின் கையை மெச்சினார். அது உலோகம் என்பதையே மறந்துபோனார்.

அடுத்த ஞாயிறு சங்கத்தில், அருமை அருமை என்று வழக்கமான பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தக் காசைப் பச்சைத் துணிமேல் வைத்துக் கையை எடுத்தார்.

 தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், அழுக்கே இல்லாத கண்ணாடியை. பல் டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடிகாரக்காரர் தன் பெட்டியைத் திறந்து, ஒரு தேய்ந்த காசை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். லூசில்லா என்ற இன்னொரு பேரரசியுடையது, அவ்வளவு அரிதில்லாதது. தோளில் துணி மடியும் விதம் ஒன்று. மோவாய்க்குக் கீழே சின்னக் கீறல், அச்சிலேயே இருந்த கீறல், இரண்டிலும் ஒன்று. இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. லூசில்லாவின் பெயரைச் சுரண்டிவிட்டு, தேய்ந்த முடியைப் புதிதாகக் கீறி, டிடியா கிளாரா ஆக்கியிருக்கிறார்கள்.

இது எத்தனை நாளாக உங்கள் பெட்டியில் இருக்கிறது என்று அக்கா கேட்டார். முதல் தடவை காட்டிய வருடத்திலிருந்தே என்றார் கடிகாரக்காரர்.

"இத்தனை வருஷமா தெரிஞ்சும் வாயைத் திறக்கலையே அண்ணே."

"நீங்க கையை எடுக்கலையேம்மா. என்னைக்காவது வைப்பீங்கன்னுதான் இதைத் தேடி வாங்கி வெச்சேன்."

அக்காவுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு ஜன்னலோரம் போய் நின்றார். நிற்க நிற்க, அந்த மனிதர் தன் சேகரிப்பில் சேராத ஒரு தேய்ந்த காசை அலைந்து தேடி, அக்காவுக்கு ஒருநாள் தேவைப்படும் என்று சுமந்துகொண்டே வந்திருக்கிறார் என்பது உறைத்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்புறம் ஆளுக்கு ஒரு யோசனை. பெட்டியில் இடமில்லை என்று சொல்லி எடுத்துவிடலாம் என்றார் தலைவர். இருக்கட்டும், வருகிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்றார் டாக்டர், சொல்லிவிட்டு அவரே வேண்டாம் என்றார். காசு இல்லாவிட்டால், அது எங்கே என்று அண்ணி கேட்பார். இருந்து, கீழே டிடியா கிளாரா என்ற அட்டையும் இருந்தால், தன் ஆட்களுக்கு முன்னால் அண்ணி ஒரு பொய்க்குப் பக்கத்தில் நின்று பெருமைப்படுவார். இரண்டையும் அக்காவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், தன் வாழ்நாளில் அண்ணி மனதாரக் கொடுத்த ஒரே பரிசை அவர் முகத்துக்கு நேரே உடைத்த மாதிரி ஆகும்.

வீட்டில் கணவரிடம் கேட்டார். "சொல்லாதே. அவ தாங்க மாட்டா" என்றார் பஸ் ஓட்டுநர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல, அவ தாங்கிடுவா. நாமதான் தாங்க மாட்டோம்" என்றார்.

கண்காட்சிக்கு முதல் நாள் அண்ணி முடி திருத்திக்கொள்ள வந்தார். பேசினில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தார். வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. நரைத்த, குட்டையான, அடர்த்தியான முடி. அக்கா அதை அலசிக்கொண்டே, தண்ணீர்ச் சத்தத்தோடு சத்தமாக எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று, கண்ணாடியில் பார்த்ததிலிருந்து லூசில்லா வரை ஒரே மூச்சில்.

அண்ணி கண்ணைத் திறக்கவில்லை. அக்கா குழாயை மூடினார். 

"எடுத்துட்டு வா" என்றார் அண்ணி.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காசை வாங்கி வாசலுக்குப் போனார். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்தார். ஓடும் ரயிலில் எத்தனையோ பாஸ்களைப் பிடித்துப் பார்த்த அதே சாய்ப்பு. இடத்தை யாரும் காட்டவில்லை, நேராக எழுத்தைச் சுற்றிய பள்ளத்தில் போய் நின்றது விரல்.

"பாஸ்ல சுரண்டினா காகிதம் மெலிஞ்சிடும். இதுல தரை இறங்கியிருக்கு. திருட்டு ஒண்ணுதான்." காசைத் திருப்பிப் பார்த்தார். பிறகு குரல் இறங்கிப்போய், "வேலையில இருந்த வரைக்கும் ஒருத்தன் என்னைத் தாண்டிப் போனதில்லடி. உனக்குன்னு வாங்கினதுல போய் கோட்டை விட்டிருக்கேன்" என்றார்.

அண்ணியின் கண் கலங்கி அக்கா பார்த்ததில்லை, மொட்டை போட்ட அன்றுகூட. வாயில் வந்ததைச் சொன்னார்.

"முடியில என்னை ஏமாத்தினவன் இவன் ஒருத்தன்தான் அண்ணி. நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து ஏமாத்தணும்னா சாதாரண ஆளா இருப்பானா?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடியில் இருக்கிற அந்த லூசில்லா யார் என்று விசாரித்தார். அவளும் பேரரசிதான், ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, காசு சுத்தமான அசல் என்றார் அக்கா.

"அப்புறம் என்ன? பாவம், அவ தலையில எவனோ கை வெச்சிருக்கான். அவ என்ன பண்ணுவா?" அண்ணி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "ஒளிச்சு வைக்காதே. நடுவுலயே வை. எங்கெங்க சுரண்டியிருக்கான்னு எழுதிப் போடு. நான் கொடுத்ததுன்னும் போடு. போடாம விட்டே, பார்த்துக்கோ. இப்ப காது கிட்ட கொஞ்சம் குறைச்சு வெட்டு."

அக்கா வெட்டினார்.  இந்த அம்மாளுக்குப் பயந்து கழித்த வருடங்களையும், அவரிடமிருந்து இப்போது கிடைத்ததையும் நினைத்தபோது, காது பக்கம் கொஞ்சம் அதிகமாகவே குறைந்துவிட்டது. அண்ணி கவனித்தார். மறு காதைத் திருப்பிக் காட்டினார்.

கண்காட்சியில் நடுப்பெட்டியில் இரண்டு காசுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, லூசில்லாவாகவே வாழ்ந்து தேய்ந்த லூசில்லாவும், டிடியா கிளாரா ஆக்கப்பட்ட லூசில்லாவும். அட்டையில் எல்லாம் இருந்தது, கொடுத்தவரின் பெயர் உட்பட. அருமையான காசுகள் வேறு பெட்டிகளில் வரிசையாக இருந்தும் கூட்டம் இங்கேதான் மொய்த்தது. காரணம் பாதி காசு, பாதி அண்ணி. கதவு திறந்ததிலிருந்து டார்ச் லைட்டைத் தாழப் பிடித்துக்கொண்டு, ரயில்வேக் குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். காதைப் பாருங்க, தேஞ்சிருக்கா? முடியைப் பாருங்க, தேஞ்சிருக்கா? ஏன் தேயலை? பதில் சொல்லாதவர்களை நகரவிடவில்லை. ரயில்வே சகாக்கள், உன்னையே ஒருத்தன் ஏமாற்றிவிட்டானா என்று கிண்டல் செய்தார்கள். ஆமாம், பதினெட்டு நூற்றாண்டு பழைய பாஸில் பெயரை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது, இப்போதுதான் பிடித்தோம் என்றார் அண்ணி. கடிகாரக்காரரைப் பார்த்ததும், தெரிந்தும் சொல்லாமல் இருந்த மகான் நீங்கள்தானா என்று பிடித்துக்கொண்டார். பாவம், அவர் டிக்கெட்டைத் தொலைத்தவர் மாதிரி சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றார். திட்டி முடித்துவிட்டு, இவளுக்காக அந்தக் காசைத் தேடி வாங்கினீர்களாமே என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கூட்டம் சற்று விலகியபோது அக்கா பக்கத்தில் போனார். வருடக்கணக்காகச் சொல்லாமல் விட்டதை இன்று சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டு, "அண்ணி, உங்களுக்கு நான் எப்படி" என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வீட்டுல. பின்னாடி ஆளு நிக்கிறாங்க, மறைக்காதே. பார்க்கணும்னா வரிசையில வா."

அக்கா சிரித்துக்கொண்டே விலகி, பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு போய், வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.